யாருடைய நேரத்தில் வெந்தது கறி?

பன்னிக்கறி என்றதும் மூக்கைப் பொத்துகிற தமிழாசிரியர்கள் பெரும்பாணாற்றுப்படையை எந்த முகத்தோடு பாடம் நடத்துகிறார்கள்? தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை வழியனுப்பும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், நீர்ப்பெயற்று என்ற துறையையும் பட்டினத்தையும் காட்டுகிறார். அந்தத் துறை மாமல்லபுரம்தான் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அங்கே கள் சமைக்கும் பெண்கள் கழுவி ஊற்றிய சேற்றில் பன்றிக்குட்டிகள் புரள்கின்றன. ஆண்பன்றியைப் பெட்டையோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்மாவு போட்டுப் பல நாள் கொழுக்க வைக்கிறார்கள். பாணனுக்கு அந்தக் கொழுத்த கறியும் கள்ளும் கிடைக்கும். தெற்கே கொஞ்ச தூரத்திலிருக்கும் நம்ம புதுப்பட்டினத்துக்கு இது அந்நியக் கதையல்ல.

எப்படிச் சமைத்தார்கள்? பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்து ஆட்டுக்கறி. பருத்த தொடை வேகவைத்து வருகிறது. கொழுத்த துண்டுகள் கம்பியில் கோத்துச் சுட்டு வருகின்றன. பொருநன் சூடு பொறுக்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றித் தின்கிறான். பெரிய உருப்படிக்கு ஒரு நெருப்பு, துண்டுக்கு ஒரு நெருப்பு.

இந்தக் கணக்கு பன்றிக்கும் பொருந்தும். முன்னங்கால் சப்பை உடம்பைச் சுமந்து நடந்த தசை. சவ்வு அதிகம். அது கரைந்து குழைய உள்சூடு 90 டிகிரியை நெருங்க வேண்டும். முழுச் சப்பையை 110 டிகிரி இளந்தழலில் வைத்தால் 10 மணி நேரம்கூட ஆகும். 150 டிகிரிக்கு மேல் ஏற்றினால் ஏறக்குறைய பாதி நேரம் போதும். கொழுந்துவிடும் தீயில் முழுசாகப் போட்டால் வெளியே கரி, உள்ளே பச்சை. அரைவேக்காட்டில் நாடாப்புழு ஆபத்தும் உண்டு. பெருந்தீயில் சீக்கிரம் வேகணும்னா நாருக்குக் குறுக்கே மெல்லிசா அறுக்கணும்.

அமெரிக்கத் தென்மாநிலங்களில் பன்றியைக் குழித்தழலில் மெதுவாகச் சுடுவதைப் பெரிய கலை என்று கொண்டாடுகிறார்கள். கலைதான். ஆனால் குழி வெட்டி, விறகைத் தழலாக்கி, விடிய விடியக் கண்விழித்துப் புரட்டியவர்கள் தோட்ட முதலாளிகளின் கறுப்பின அடிமைகள். 1865-இல் அடிமைமுறை சட்டப்படி ஒழியும்வரை அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது.

நம்ம சனத்தின் நேரமும் நம்மிடம் இல்லை. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களுக்கு நிலம் மட்டுமல்ல, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்று எழுதினார். அதைத் தொடர்ந்து வந்ததுதான் 1892-ஆம் ஆண்டின் பஞ்சமி நில ஆணை. நிலமில்லாதவனுக்கு விறகு ஏது? ஆண்டையின் சோலி முடித்துப் பொழுது சாய வந்தவன் எந்தச் சப்பைக்குப் பத்து மணி நேரம் உட்காருவான்?

சேரியில் கறி கூறு போடப்படும். சப்பை ஒரே வீட்டுக்குப் போகாது. பல கூறுகளில் பிரியும். சின்னத் துண்டு, பெருந்தீ, சீக்கிர வேக்காடு. இதை 'நாகரிகமில்லாத சமையல்' என்பவர்களுக்குச் சொல்கிறேன்: இது பங்கிட்டுத் தின்பவர்களின் சமையல். முழுச் சப்பை ஒரே வீட்டு அடுப்பேற, உடைமை வேண்டும். காத்திருக்க ஆளும் வேண்டும்.

வைக்கோல் போட்டு மயிர் பொசுக்கினால் ஊரே நாறுகிறது என்பார்கள். 1130 வாக்கில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வந்த மானசோல்லாசம், பன்றியின் மயிரைப் புல்தீயில் பொசுக்குவதை ராஜாவின் உணவுப் பகுதியில் எழுதிவைத்திருக்கிறது. அரண்மனையில் பொசுக்கினால் சாஸ்திரம், சேரியில் பொசுக்கினால் நாற்றமா?

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். பன்றி வளர்க்கும் குறவர்களையும் காட்டுநாயக்கர்களையும் நம்ம ஆட்களே தள்ளிவைத்துப் பேசுவதுண்டு. கறி ருசிக்கிறது, வளர்த்த கை மட்டும் தீட்டா? மேலே இருப்பவனிடம் நாம் கேட்கிற அதே கேள்வி இது. கூறு போடும் இடத்தில் அவர்களுக்கும் சமமான இடம் இல்லையென்றால், நாம் பேசுகிற பங்கீடு பொய்.