வேலி தாண்டும் வெளிச்சம்

போன மார்கழி, பரீட்சை முடிஞ்சு வீட்ட வந்து நின்ற நேரம், கனடாவில இருக்கிற மச்சாள் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினாள். ஒரு சாதாரண மாடி வீடு. கூரை, ஜன்னல், முற்றத்து மரம் எல்லாத்திலயும் விளக்குச் சரம். பாட்டின் தாளத்துக்கு ஏற்ற மாதிரி அந்த வீடே ஆடுது. கிற்றார் ஏறும்போது வெளிச்சமும் கூரை விளிம்பில் ஏறுது, ட்ரம்ஸ் விழும்போது முழு வீடும் ஒருக்கா இருண்டு திரும்ப வருது. சரி, இப்படி யூடியூப்பில நீங்களும் கனக்கப் பாத்திருப்பீங்கள்.

ஆனா வீடியோவின்ர கடைசியில் ஒரு விசயம் நடந்தது. மச்சாள் காரை விட்டு இறங்கிக் கதவைச் சாத்தினாள். உடனே பாட்டு நின்றுபோச்சு. வீடு மட்டும் சத்தமே இல்லாமல் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. தெருவில ஒரு சத்தமும் இல்லை.

“ஏன் பாட்டு நிண்டது?” எண்டு கேட்டன். “பாட்டு கார் ரேடியோவிலதான் வரும். வெளியில போட்டா அயலுக்குக் கரைச்சல்தானே” எண்டாள்.

வேலிச் சண்டைக்குப் பேர் போன ஊரில் பிறந்த எனக்கு இந்தப் பதில் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அதைத் தேடிப் போனதில் கிடைத்த வரலாறுதான் இந்தக் கட்டுரை. இது விளக்குகளின் வரலாறு மாதிரித் தெரியும். உண்மையில் இது ஒருவரின் சந்தோசம் அடுத்தவரின் வேலியைத் தாண்டும்போது என்ன நடக்கும் என்பதன் வரலாறு.

முதல் மரமே ஆடிய மரம்

மின்சாரம் வருவதற்கு முன் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நத்தார் மரத்தில் மெழுகுதிரிகளைத்தான் கொளுத்தினார்கள். காய்ந்துபோகிற மரத்தில் நெருப்பு. பக்கத்தில் ஒரு வாளி தண்ணி வைத்துக்கொண்டுதான் கொண்டாட்டம்.

1882 டிசெம்பர் 22ஆம் திகதி நியூயோர்க்கில் எட்வர்ட் ஜோன்சன் என்பவர் தன் வீட்டு மரத்தில் முதன்முறையாக மின்விளக்குகளைப் பூட்டினார். இவர் தோமஸ் எடிசனின் நெருங்கிய கூட்டாளி, அவரின் மின்விளக்குக் கம்பனியில் துணைத் தலைவர். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 சிறிய குமிழ்கள். அதே ஆண்டு செப்டெம்பரில்தான் எடிசனின் மின்நிலையம் நியூயோர்க்கின் ஒரு சிறு பகுதிக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கியிருந்தது. அப்ப இந்த மரம் எவ்வளவு பெரிய அதிசயமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ.

எனக்குப் பிடித்த விசயம் வேறு. அந்த மரம் சும்மா நிற்கவில்லை. ஒரு மோட்டர் அதைச் சுழற்றிக்கொண்டிருந்தது. மரம் சுழலச் சுழல, அடியில் ஒரு தொகுதி விளக்குக்கான மின் தொடுகை அறுந்து அடுத்த தொகுதிக்கான தொடுகை ஏற்படும். அதனால் நிறங்கள் மாறி மாறி எரிந்தன. அதாவது உலகின் முதலாவது மின்சார நத்தார் மரமே ஆடிய மரம்தான். கணினி வந்த பிறகு பிறந்த ஆசை இல்லை இது.

இந்தச் சுழற்சித் தந்திரம் எங்களுக்கும் புதிசில்லை. வெசாக் காலத்தில் கொழும்பில் பெரிய தோரணம் பார்த்தவர்கள் யோசித்திருப்பீர்கள், இத்தனை ஆயிரம் குமிழ்கள் எப்படி ஓடுது, பூவாக விரியுது என்று. பழைய முறையில், தகடு பதித்த ஒரு உருளையை மோட்டர் சுழற்றும். தகடு படுகிற நேரம் அந்த வரிசை எரியும், விலகினால் அணையும். ஜோன்சனின் மரமும் தோரணமும் ஒரே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன. ஒரு முக்கிய வித்தியாசம், தோரணம் பொதுச் சந்தியில் நிற்கும். நான் சொல்லவந்த கதை தனியார் வீட்டு முற்றத்தில் நடக்கிறது.

வீட்டுக்குள் இருந்து முற்றத்துக்கு

ஜோன்சனின் மரம் பணக்கார வீட்டுக்குள் நின்ற மரம். ஒவ்வொரு குமிழையும் கையால் வயர் இணைத்துப் பூட்ட வேண்டும். 1903இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனி முன்கூட்டியே கோர்த்த விளக்குச் சரங்களை விற்கத் தொடங்கிய பிறகுதான் எலெக்ட்ரீசியன் இல்லாமல் ஒரு குடும்பம் மரத்துக்கு விளக்குப் போடக்கூடியதாக வந்தது. அப்பவும் சாதாரண தொழிலாளிக்கு அது எட்டாத விலை.

வெளிச்சத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்ததில் மின்சாரத் துறைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1923 நத்தாருக்கு முதல் நாள் மாலை, அமெரிக்க ஜனாதிபதி கல்வின் கூலிட்ஜ் வொஷிங்டனில் முதலாவது தேசிய நத்தார் மரத்தை ஒளியேற்றினார். அதில் 2,500 குமிழ்கள். அவற்றை அன்பளிப்பாகக் கொடுத்தது அந்த நகரத்து மின்சார வணிகர்களின் சங்கம். அதே பத்தாண்டில் பல ஊர்களில் “யாரின் வீட்டு அலங்காரம் நல்லது” என்று போட்டிகள் நடந்தன. பின்னால் நின்றவர்கள் பெரும்பாலும் மின்சாரம் விற்கிறவர்கள், குமிழ் விற்கிறவர்கள். பாரம்பரியம் என்று நாங்கள் நினைக்கிற பலதுக்குப் பின்னால் ஒரு விற்பனைப் பிரிவு இருக்கும்.

அதே காலத்தில் எல்லா அமெரிக்கரும் விளக்குப் போட்டார்கள் என்று நினைக்கக்கூடாது. 1930களின் நடுப்பகுதியில்கூட அமெரிக்கக் கிராமப்புறப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. அலங்கார விளக்கு என்றால் முதலில் அடிப்படை விளக்கு இருக்க வேண்டும். இது எங்களுக்கு விளக்கத் தேவையில்லாத விசயம். 90களின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்ததை அம்மா இண்டைக்கும் சொல்லுவா. 2022இல் 13 மணித்தியாலக் கரண்ட் கட்டை நாங்களே பாத்திட்டம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகர்க் குடியிருப்புகள் பெருகின. ஒரே மாதிரி வீடுகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு புல்வெளி, கார் வைத்திருக்கிற குடும்பங்கள். வீட்டின் முகப்பு ஒரு மேடையாக மாறியது. காரில் வந்து மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவது ஒரு நத்தார்ப் பழக்கமாகியது.

1973 எண்ணெய் நெருக்கடி இந்த மேடையை ஒருமுறை இருட்டாக்கியது. அலங்கார விளக்குகளைக் குறைக்கும்படி ஜனாதிபதி நிக்ஸன் மக்களைக் கேட்டார். அந்த வருடம் தேசிய மரத்திலும் வழமையான விளக்குச் சரங்கள் எரியவில்லை. முற்றத்து வெளிச்சம் தனிப்பட்ட விசயம் இல்லை என்று அரசு வெளிப்படையாகச் சொன்ன தருணம் அது.

முப்பது லட்சம் விளக்குகளும் ஒரு வழக்கும்

இனி இந்தக் கதையின் நடு இடத்துக்கு வருவோம். ஆர்கன்சோ மாநிலத்தின் லிட்டில் றொக் நகரில் ஜெனிங்ஸ் ஒஸ்போர்ன் என்று ஒரு பணக்காரர் இருந்தார். மருந்துப் பரிசோதனை ஆய்வு நிறுவனம் நடத்தியவர். 1986இல் தன் மகள் ஆசைப்பட்டாள் என்பதற்காக ஆயிரம் விளக்குகளோடு வீட்டை அலங்கரிக்கத் தொடங்கினார். வருசத்துக்கு வருசம் கூடியது. பக்கத்துக் காணிகளையும் வாங்கி அங்கேயும் விளக்குப் போட்டார். 1990களின் தொடக்கத்தில் எண்ணிக்கை முப்பது லட்சம்.

ஊர் ஊராகச் சனம் பார்க்க வந்தது. வீதி அடைபட்டது. தங்கட வீட்டுக்கே போய்வர முடியாத அயலவர்களில் ஆறு பேர் 1993இல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் நாட்களையும் நேரத்தையும் கட்டுப்படுத்தியது. ஒஸ்போர்ன் விடவில்லை. 1994இல் ஆர்கன்சோ உயர் நீதிமன்றமும் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போயும் அவருக்குச் சாதகமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்த வழக்கில் யாரின் பக்கம் நிற்பது? முதல் வாசிப்பில் நான் ஒஸ்போர்னின் பக்கம்தான் நின்றேன். மகளுக்காகத் தொடங்கியவர், ஒரு சதமும் வாங்காமல் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சந்தோசப்படுத்தியவர். பிறகு அந்த ஆறு பேரைப் பற்றி யோசித்தேன். நத்தார் விளக்குக்கு எதிராக வழக்குப் போடுகிற ஒருவருக்கு ஊரில் என்ன பெயர் கிடைக்கும்? பண்டிகைக்கு எதிரி, பிள்ளைகளின் சிரிப்புக்கு எதிரி. ஆனால் அவர்கள் கேட்டது இரவில் நித்திரையும் வீட்டுக்குப் போற பாதையும்தான்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த உணர்வு இல்லை. ஏ.எல். பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது எங்கட ஒழுங்கை முடிவில் ஒரு திருவிழா. ஒலிபெருக்கி எங்கட வீட்டைப் பார்த்தபடி. பத்து நாள். போய்ச் சொல்லுவம் எண்டு நான் கேட்க, அப்பா சொன்னார்: “சொன்னா கடவுளுக்கு எதிரா நிக்கிற மாதிரிப் போயிடும், பேசாம படி.” காதுக்குள் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தேன். இது எந்த ஒரு சமயத்துக்கும் உரிய பிரச்சினை இல்லை. கோயில், தேவாலயம், விகாரை, பள்ளிவாசல், ஏன் விளையாட்டுக் கழகம்கூட இதைச் செய்யும். 2007இல் எங்கட உயர் நீதிமன்றமே இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பாவிப்பதைக் கட்டுப்படுத்தித் தீர்ப்புக் கொடுத்தது. தீர்ப்பு இருக்கிறது. போய்க் கேட்கிற துணிவுதான் இல்லை.

ஒஸ்போர்னின் விளக்குகளுக்கு ஒரு நல்ல முடிவு கிடைத்தது. 1995இல் டிஸ்னி நிறுவனம் அவற்றை புளோரிடாவில் உள்ள தன் பூங்காவுக்குக் கொண்டுபோனது. அங்கே கூட்டம் வருவதற்கென்றே பாதையும் வாகனத் தரிப்பிடமும் இருந்தன. 2006இல் அதே விளக்குகள் இசைக்கு ஆடத் தொடங்கின. 2016 ஜனவரி வரை இந்தக் காட்சி நடந்தது. விளக்குகள் மாறவில்லை. நின்ற இடம்தான் மாறியது.

88 கட்டைகள்

2004இல் ஒஹாயோ மாநிலத்தின் மேசன் என்ற ஊரில் கார்சன் வில்லியம்ஸ் என்ற மின் பொறியியலாளர் தன் வீட்டில் கிட்டத்தட்ட 16,000 விளக்குகளைப் பூட்டி, அவற்றை 88 தொகுதிகளாகப் பிரித்து, கணினியோடு இணைத்தார். ஒவ்வொரு தொகுதியையும் தனித்தனியாக எரிக்கலாம், அணைக்கலாம், மங்கச் செய்யலாம். பியானோவிலும் 88 கட்டைகள்தான். வீட்டையே ஒரு வாத்தியமாக்கின மாதிரி. ட்ரான்ஸ் சைபீரியன் ஓர்கெஸ்ட்ரா என்ற குழுவின் ஒரு இசைத்துண்டுக்கு, எந்தக் கணத்தில் எந்தத் தொகுதி எரிய வேண்டும் என்று இருந்து இருந்து எழுதினார். சில நிமிட இசைக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாத வேலை.

2005இல் அந்த வீடியோ மின்னஞ்சலில் உலகம் முழுக்கப் பரவியது. யூடியூப் அப்போதுதான் பிறந்த குழந்தை. பிறகு ஒரு பியர் விளம்பரத்திலும் அது வந்தது. இண்டைக்கு நாங்கள் பார்க்கிற ஆடும் வீடுகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் அந்த வீட்டின் பிள்ளைகள்.

மச்சாளின் வீடியோவில் பாட்டு நின்ற காரணமும் இங்கேதான் இருக்கிறது. வில்லியம்ஸ் ஒலிபெருக்கி வைத்துத் தெருவை அதிர வைக்கவில்லை. குறைந்த வலுவுள்ள ஒரு எஃப்.எம். ஒலிபரப்பியை வைத்தார். அது சில வீட்டுத் தூரம்தான் போகும். பார்க்க வருகிறவர் காரில் அந்த அலைவரிசையைப் பிடித்தால் பாட்டு கேட்கும். பக்கத்து வீட்டில் நித்திரை கொள்கிறவருக்கு ஒன்றும் கேட்காது.

ஆனால் இதுவும் முழுத் தீர்வு இல்லை. சத்தத்தைக் காருக்குள் அடைக்கலாம், காரை எங்கே அடைப்பது? 2005 டிசெம்பரில் அந்தப் பகுதியில் ஒரு வாகன விபத்து. விளக்குப் பார்க்க வந்த வாகன நெரிசலால் பொலிசுக்கு அங்கே போகச் சிரமமாக இருந்தது. வில்லியம்ஸ் தானாகவே காட்சியை நிறுத்தினார். நீதிமன்றம் போகவில்லை, யாரோடும் சண்டை பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது. எல்.இ.டி. வந்து மின்செலவு பெருமளவு குறைந்தது. இப்போது ஒவ்வொரு குமிழையும் தனித்தனியாக நிறம் மாற்றலாம், அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது: என்ர சந்தோசம் உன்ர வீட்டு வாசல் வரை வரும்போது, நீ என்ன செய்வாய், நான் என்ன செய்ய வேணும்?

ஒஸ்போர்ன், “என்ர வீடு, என்ர விளக்கு” என்று நின்றார். வில்லியம்ஸ் விளக்கைப் பூட்டும்போதே அயலவரின் காதை யோசித்தார். கொண்டாட்டத்தைக் குறைத்துக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு மாத உழைப்பில் அதுவும் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

எங்கட ஊரில் யாரும் எஃப்.எம். ஒலிபரப்பி வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒலிபெருக்கியை ஒருக்காத் திருப்பி வைக்கலாம். பத்து மணிக்கு நிறுத்தலாம். ஒழுங்கையில் எந்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கு, எந்த வீட்டில் வருத்தக்காரர் இருக்கினம் என்று கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

இந்த வருடம் எங்கட ஒழுங்கைத் திருவிழாக் கூட்டத்துக்கு நானும் போகப் போறன். அப்பா வேண்டாம் எண்டுதான் சொல்லுவார். என்ர தம்பிக்கு இந்த முறை ஏ.எல்.