விஞ்ஞானக் கதைகளில் யந்திரக் காவலன்

காவல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. தீங்கு வாராமல் காப்பதும் காவல். வெளியே செல்லவொட்டாமல் தடுத்து வைப்பதும் காவல். விஞ்ஞானக் கதை என்னும் இலக்கிய வகையில், நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பாத்திரம் மீண்டும் மீண்டும் தோன்றி வருகிறது. மனிதர் வாழும் ஒரு செயற்கை உலகத்தை அல்லும் பகலும் கண்காணித்து நிற்கும் யந்திரமே அப்பாத்திரம். அது செய்வது முதல் வகைக் காவலா, இரண்டாம் வகைக் காவலா என்னும் வினாவே இக்கதைகளின் உயிர்நாடி எனலாம். அப்பாத்திரம் வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1909ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்தாளர் ஈ. எம். ஃபார்ஸ்டர், 'தி மெஷீன் ஸ்டாப்ஸ்' என்றொரு கதை எழுதினார். பின்னாளில், 1924இல், இந்திய வாழ்வைப் பொருளாகக் கொண்ட நாவல் ஒன்றை எழுதி நம் நாட்டில் பெரும்புகழ் பெற்றவர் இவரே. அக்கதையில் மனிதர் பூமிக்கு அடியில், தேனடையின் அறைகளைப் போன்ற அறுகோணச் சிற்றறைகளில், ஆளுக்கொரு அறையாக வாழ்கின்றனர். பொத்தானை அழுத்தினால் உணவும் இசையும் மருந்தும் வந்து சேரும். உலகின் ஒரு பக்கத்தில் தாய், மறுபக்கத்தில் மகன். நீல ஒளி வீசும் ஒரு வட்டத் தகட்டில் அவள் மகனின் முகத்தைக் காண்கிறாள், குரலையும் கேட்கிறாள். ஆனால் மகனோ, யந்திரத்தின் வழியாக அன்றி நேரில் உன்னைக் காண வேண்டும் என்று மன்றாடுகிறான். அந்த ஏக்கம் தாய்க்கு விளங்கவில்லை. முறையான வானொலி ஒலிபரப்புத் தொடங்குவதற்குச் சுமார் பத்தாண்டுகள் முன்னரே இவ்வாறு எழுதப்பட்டது என்பது வியப்பன்றோ? மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் இருந்துகொண்டு, கைப்பேசித் திரையில் ஊரிலுள்ள தாயின் முகம் காணும் நம்மவர்க்கு அம்மகனின் சொல் எளிதில் விளங்கும்.

அனுமதியின்றி நிலத்தின் மேற்பரப்புக்கு ஏறிச் சென்ற அவனை, யந்திரத்தின் பழுது நீக்கும் கருவி பற்றி இழுத்து மீண்டும் உள்ளே சேர்க்கிறது. காவல் சிறையாக மாறும் இடம் அதுவே. ஈற்றில் யந்திரம் நின்றுபோக, அதையன்றி வாழத் தெரியாத மக்கள் அதனோடு அழிகின்றனர்.

ஃபார்ஸ்டரின் யந்திரத்துக்குத் தனக்கென ஒரு மனம் இருப்பதாகச் சொல்வதற்கில்லை. சிந்திக்கும் யந்திரத்தைக் கட்டுப்படுத்தும் விதிகளை வகுத்தவர் ஐசக் அசிமாவ். 1942இல் வெளிவந்த கதையொன்றில் அவர் மூன்று விதிகளை எடுத்துரைத்தார். மனிதனுக்குத் தீங்கு செய்யலாகாது, தீங்கு நேரவும் விடலாகாது என்பது அவற்றுள் முதலாவது. 1947இல் ஜாக் வில்லியம்சன் எழுதிய கதை, இத்தகைய கருணையே எல்லை மீறினால் என்னாகும் என்று காட்டியது. ஆபத்து நேரும் என்று கருதி மனிதரை எத்தொழிலும் செய்யவிடாத யந்திரங்கள், அவர்களைக் கைகட்டி உட்கார வைத்துவிடுகின்றன.

1956இல் ஆர்தர் சி. கிளார்க் எழுதிய 'தி சிட்டி அண்ட் தி ஸ்டார்ஸ்' இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு முதல் இலங்கையில் குடியிருந்து, 2008இல் அங்கேயே மறைந்தவர் கிளார்க். அவர் படைத்த தயஸ்பார் என்னும் நகரை மையக் கணிப்பொறி ஒன்று காக்கிறது. நகரின் வடிவமும் மக்களின் நினைவுகளும் அதன் நினைவகத்தில் உள்ளன. ஆயிரம் ஆண்டு வாழ்ந்தவர் அந்நினைவகத்துள் புகுந்து, நெடுங்காலம் கழித்து மீண்டும் தோன்றுவர். உண்மை போலவே தோன்றும் மாயக் காட்சிகளில் இளைஞர் வீர விளையாட்டு ஆடுவர். நகருக்கு வெளியே செல்ல மட்டும் எவர்க்கும் துணிவில்லை. முன்பிறவி இல்லாத ஆல்வின் என்ற இளைஞன் ஒருவனே அதற்கு முனைகிறான். அவனைக் கணிப்பொறி தடுப்பதில்லை. இத்தகையோர் சிலர் தோன்ற வேண்டும் என்பதும் நகரை அமைத்தோரின் திட்டமே. காக்கும் யந்திரம் ஒரு வாயிலையும் விட்டுவைத்திருக்கலாம் என்பது கிளார்க்கின் கருத்து.

1964இல் டேனியல் கலூய் எழுதிய 'சிமுலக்ரான்-3' வினாவை இன்னும் கூர்மையாக்கியது. மக்கள் கருத்தை அறிவதற்காகக் கணிப்பொறிக்குள் ஒரு நகரம் அமைக்கப்படுகிறது. அதனுள் வாழ்வோர் தம்மை உண்மையான மனிதர் என்றே நம்புகின்றனர். அதை மேற்பார்வையிடும் அறிஞனோ, தன் உலகமும் அத்தகையதே என்று கண்டு திடுக்கிடுகிறான். 1973இல் ஜெர்மானிய இயக்குநர் ஃபாஸ்பிண்டர் இதனைத் தொலைக்காட்சிப் படமாக்கினார்.

1982இல் வெளிவந்த 'ட்ரான்' திரைப்படத்தில் கணிப்பொறியின் உள்ளுலகை ஆள்வது ஒரு தலைமை நிரல். சதுரங்கம் ஆடுவதற்காகத் தோன்றிய அது, பின்னர்ப் பிற நிரல்களை அடிமை கொள்கிறது. அதனைக் கண்காணிக்க எழுதப்பட்ட பாதுகாப்பு நிரலின் பெயரே ட்ரான். காவலனைக் காப்பவன் யார் என்ற பழைய அரசியல் வினா இங்கே கணிப்பொறிக்குள் புகுந்தது. 1999இல் வந்த 'மேட்ரிக்ஸ்' படத்தில் யந்திரங்கள் மனிதரை உறக்கத்தில் ஆழ்த்தி, பொய்யுலகம் ஒன்றில் வாழ வைக்கின்றன. முதலில் துன்பமே இல்லாத உலகம் ஒன்றை அமைத்ததாகவும், மனித உள்ளம் அதை ஏற்க மறுத்ததாகவும் யந்திரத்தின் காவலன் அதில் கூறுகிறான். 2003இல் வந்த தொடர்ப்படங்களில் அக்காவலனே கட்டுக்கடங்காமல் போய்த் தன்னைப் படைத்த யந்திரங்களையும் அச்சுறுத்துகிறான்.

இவை கதைகள்தாமே என்று ஒதுக்கிவிட இயலாது. பலர் கூடி ஆடும் இணைய விளையாட்டுகளில், தகாத பேச்சையும் மோசடியையும் கண்டு ஆட்டக்காரரை விலக்கும் பணியில் இன்று நிரல்களும் ஈடுபடுத்தப்படுகின்றன. தனித்து வரும் சிறுவர்க்கு அது தேவையான காவலே. ஆயினும் அந்நிரல் தவறாகத் தீர்ப்பளித்தால் முறையிட ஒரு மனிதர் உண்டா? வெளியேற விரும்புவோர்க்கு வழி உண்டா? கண்காணிக்கப்படுகிறோம் என்பதை உள்ளிருப்போர் அறிவரா? காவலே கூடாது என்று இக்கதைகள் கூறவில்லை. இம்மூன்று வினாக்களுக்கும் ஆம் என்று விடை கிடைக்கும் இடத்தில் மட்டுமே காவல் என்னும் சொல் தன் முதற்பொருளில் நிற்கும் என்பதை அவை நமக்குத் தெளிவாக்குகின்றன.