யாழ்ப்பாணப் பஞ்சாங்கமும் பருவகால நகர்வும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வழங்கும் தமிழ்ப் பஞ்சாங்கத்தின் ஆண்டு, பருவங்களை நடத்தும் சூரிய ஆண்டைவிடச் சற்று நீளமானது. அதனால் சித்திரைப் புத்தாண்டு, ஆடிப்பிறப்பு, தைப்பொங்கல் ஆகிய நாள்கள் பருவங்களை விட்டு மெல்லப் பின்தள்ளிச் செல்கின்றன. ஒரு தலைமுறையில் புலப்படாத இந்நகர்வு, கடந்த ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 24 நாளாகத் திரண்டுள்ளது.

ஆண்டின் அளவுகள்

சூரியன் ஒரு சமஇரவு நாளிலிருந்து அடுத்த ஆண்டின் அதே சமஇரவு நாளை அடைய 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி ஆகும். மழையும் வெயிலும் பின்பற்றும் இந்த ஆண்டு சாயன ஆண்டு எனப்படும். சூரியன் ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு மீண்டும் அதே நட்சத்திரத்தை அடையும் நிரயன ஆண்டு 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி கொண்டது. பூமியின் அச்சு, சுழலும் பம்பரத்தின் தலையைப்போல் ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டமிட்டு வருவதே இவ்விரண்டுக்கும் இடையே 20 நிமிட வேறுபாடு ஏற்படக் காரணம். இதனால் உண்டாகும் விலகலே அயனாம்சம்.

மனப்பாட வாக்கியங்களால் கணிக்கும் வாக்கிய முறை, வானியலறிஞர் ஆரியபடரின் அளவையொட்டி ஆண்டை 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை எனக் கொள்கிறது. இது 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடிக்குச் சமம். நட்சத்திர ஆண்டைவிட 3 நிமிடம் 20 விநாடியும், பருவ ஆண்டைவிட 23 நிமிடம் 45 விநாடியும் இது கூடுதல். ஆகவே வாக்கிய ஆண்டு ஏறத்தாழ 61 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பருவத்தை விட்டு விலகும். இன்று உலகெங்கும் வழங்கும் கிரிகோரியன் ஆண்டு பருவ ஆண்டைவிட 27 விநாடியே கூடுதலானது.

பஞ்சாங்க மரபு

குடாநாட்டின் பஞ்சாங்க மரபில் அராலி முதன்மையான ஊர். அவ்வூர் இராமலிங்க ஐயர் 1667இல் பஞ்சாங்கம் கணித்தார் என்பது மரபு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்ற கணிதர் விசுவநாத சாஸ்திரியார். 1829 மார்ச்சில் நிகழவிருந்த சந்திர கிரகணம் பற்றிய அவருடைய கணிப்பும், வட்டுக்கோட்டை செமினரியின் தலைவர் டானியல் பூர் மேற்குலக முறையில் செய்த கணிப்பும் தொடக்க நேரத்திலும் கால அளவிலும் மறைவின் அளவிலும் வேறுபட்டன. நிகழ்ந்த கிரகணம் பூரின் கணிப்போடு ஒத்தது. தலைமுறைகளாகத் திருத்தப்படாத வாய்பாடுகளில் சிறு பிழை எவ்வாறு திரள்கிறது என்பதை ஊரே வானில் கண்ட நிகழ்வு அது. ஆயினும் தொலைநோக்கியின்றி, மனப்பாடமான வாக்கியங்களைக்கொண்டே கிரகண நாளை முன்னறிந்த அந்தக் கணிதத்தின் பெருமை இதனால் குறையாது.

இன்று கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கமும், மட்டுவிலிலிருந்து வெளிவரும் திருக்கணித பஞ்சாங்கமும் அருகருகே வழங்குகின்றன. திருக்கணிதம் கோள்களின் நிலையை இக்கால வானியல் அளவுகளால் திருத்திக் கொள்கிறது. அதனால் புத்தாண்டு பிறக்கும் நேரமும் விஷு புண்ணிய காலமும் இரண்டிலும் வேறுபடும். சனிப்பெயர்ச்சியில் இடைவெளி மாதக்கணக்கானது: சனி கும்பத்தில் நுழைந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரியில், வாக்கியப்படி 2023 டிசம்பரில். இருப்பினும் இரண்டு பஞ்சாங்கங்களும் நிரயன முறையையே பின்பற்றுவதால், பருவத்திலிருந்து விலகுவது இரண்டுக்கும் பொது.

சித்திரை முதல் நாள்

ஆரியபடர் வாழ்ந்த காலத்தில், கி.பி. 499ஐ ஒட்டி, சூரியன் மேடத்தில் புகும் நாளும் சமஇரவு நாளும் ஏறத்தாழ ஒன்றாயிருந்தன. வாக்கிய ஆண்டளவைக் கொண்டு பின்னோக்கிக் கணித்தால், மேடப் பிரவேசம் 1667இல் ஏப்ரல் 8ஐயும் 1829இல் ஏப்ரல் 11ஐயும் ஒட்டி அமைகிறது. இன்று அது ஏப்ரல் 13 அல்லது 14. சமஇரவு நாளோ மார்ச் 20, 21ஐ விட்டு நகரவில்லை.

இவ்விலகலைக் குடாநாட்டு முற்றத்தில் நின்றே காணலாம். யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9 பாகை 40 கலையில் உள்ளது. சூரியன் இவ்வூருக்கு நேர் உச்சியில் வருவது ஏப்ரல் 14, 15 அளவில். அந்த நண்பகலில் நட்ட கோலுக்கு நிழல் ஏறக்குறைய இராது. ஆரியபடர் காலத்தில் சித்திரை பிறக்கும்போது நிலநடுக்கோட்டுக்கு உச்சியில் நின்ற சூரியன், இன்று அதே சித்திரைப் பிறப்பில் யாழ்ப்பாணத்துக்கு உச்சியில் நிற்கிறது. வருங்காலத்தில் அந்த உச்சி இன்னும் வடக்கே செல்லும்.

உத்தராயணத் தொடக்கமாகப் போற்றப்படும் தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது. ஆனால் சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21, 22இல். தட்சிணாயனத் தொடக்கமாகக் கொள்ளப்பட்டு, ஆடிக்கூழும் கொழுக்கட்டையுமாகக் கொண்டாடப்படும் ஆடிப்பிறப்பு ஜூலை நடுவில் வருகிறது. தெற்கு நோக்கிய திருப்பமோ ஜூன் 21ஐ ஒட்டியே நிகழ்ந்து விடுகிறது.

சந்திரக் கணக்கு

பன்னிரண்டு சந்திர மாதங்கள் 354 நாளே ஆதலால், சந்திரத் திதிகள் சூரிய ஆண்டில் ஆண்டுக்கு 11 நாள் முன்னே வரும். இவ்வேறுபாட்டைத் திருத்தாமல் விடும் ஹிஜ்ரி ஆண்டில், ரமழான் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. தமிழ்ப் பஞ்சாங்கமோ திதியைச் சூரிய மாதத்தோடு பிணைக்கிறது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம் ஆடி அமாவாசைக்குப் பின்வரும் சஷ்டியை ஒட்டி அமைவதால், 2023இல் ஆகஸ்ட் 21, 2024இல் ஆகஸ்ட் 9, 2025இல் ஜூலை 29 என்று முன்வந்தது. அமாவாசை ஆடி மாதத்துக்கு முன் வழுவும்போது அடுத்த அமாவாசை கொள்ளப்படும். இதனால் திருவிழா பருவங்களைச் சுற்றாமல் ஒரு மாத எல்லைக்குள் நிற்கிறது. அந்த எல்லைதான் நட்சத்திர ஆண்டோடு சேர்ந்து மெல்ல நகர்கிறது.

பருவமும் பயிரும்

வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் மானாவாரி நெல் வடகீழ்ப் பருவமழையை நம்பியது. மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஆவணி, புரட்டாசியில் விதைத்துத் தை, மாசியில் அறுப்பது வழக்கம். இராமலிங்க ஐயர் காலத்திலிருந்து மாதங்கள் பருவத்துக்கு ஏறத்தாழ ஆறு நாள் பின்தங்கியுள்ளன. மழை தொடங்கும் நாளே ஆண்டுதோறும் அதைவிடக் கூடுதலாக முன்பின் ஆவதால், உழவர் இதை உணர்வதில்லை. அவர்கள் மேகத்தையும் காற்றையும் பார்த்தே விதைநாளைச் சரிசெய்து வந்தனர். மாதப் பெயர் மாறாமலே அதன் பருவப் பொருள் மாறியது.

திருத்த முயற்சிகள்

இந்திய அரசு 1952இல் மேகநாத் சாகா தலைமையில் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை தந்தது. அதன் வழியில் 1957 மார்ச் 22 முதல் சாயன ஆண்டையொட்டிய தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. சமய நாள்களுக்கு அயனாம்சத்தை 23 பாகை 15 கலையில் நிறுத்தி, மேலும் விலகாமல் காக்கலாம் என்றும் குழு பரிந்துரைத்தது. வழிபாட்டு மரபு அதை ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் திருத்தம் கோள்களின் கணிப்போடு நின்றுவிட்டது; ஆண்டின் அளவு நட்சத்திரத்தையே சார்ந்துள்ளது.

புத்தாண்டு நாளை மாற்றாமலே செய்யத்தக்கது ஒன்று உண்டு. பஞ்சாங்கப் பக்கத்தில் சமஇரவு நாள்களையும், உண்மையான அயனத் திருப்பங்களையும், சூரியன் யாழ்ப்பாணத்தின் உச்சியில் வரும் நாள்களையும் சேர்த்து அச்சிடலாம். அப்போது வழிபடுவோருக்கு வேண்டிய நட்சத்திர ஆண்டும் உழவருக்கும் மாணவருக்கும் வேண்டிய பருவ ஆண்டும் ஒரே நூலில் கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியும் மறையாது வெளிப்படும்.