ஓட்டில்லாத பிள்ளைகள்



"கட்சி இல்லாமல் எந்த இயக்கமும் ஒன்றும் கிழிக்க முடியாது" என்று முழங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். ஐயா, எந்த ஊரில் வந்து இதைப் பேசுறீங்க? இதோ, தெப்பக்குளத்துக் கரையில்தான் தியாகராசர் கல்லூரி இருக்கு. 1965-இல் மதுரைக் கல்லூரிகளில் படித்த பிள்ளைகளைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

அந்த ஆண்டு ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடும் என்று அச்சம். துக்க நாள் என்று தி.மு.க. அறிவித்தது. தலைவர்களை முன்கூட்டியே பிடித்து உள்ளே போட்டார்கள். அடங்கிப்போச்சா? 25-ஆம் தேதி மதுரை மாணவர்கள் ஊர்வலம் கிளம்பினார்கள். வடக்கு மாசி வீதியில், காங்கிரஸ் அலுவலகத்துப் பக்கம் கைகலப்பு. அங்கே பற்றியது மாநிலம் முழுக்கப் பரவியது. துப்பாக்கிச் சூடு. அரசுக் கணக்கிலேயே ஏறத்தாழ 70 உயிர்! பிப்ரவரியில் பிரதமர் சாஸ்திரியே வானொலியில் வந்து, நேரு தந்த வாக்குறுதி காக்கப்படும் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இதிலே ஒரு வேடிக்கை, நடுவர் அவர்களே. அப்போது ஓட்டுப் போடும் வயது 21. ஊர்வலத்தில் போன பல பேருக்கு ஓட்டே கிடையாது! ஆனா வீட்டில் அப்பா அம்மாவுக்கு இருந்ததே! 1967 தேர்தலில் பையன்கள் தெருத்தெருவாகப் போய்க் கேட்டார்கள். 1962-இல் சுமார் 70 சதவிகிதமாக இருந்த வாக்குப்பதிவு 76-ஐத் தாண்டியது. அரிசித் தட்டுப்பாடும் ஒரு காரணம்தான், ஒத்துக்கிறேன்.

கட்சி என்ன செய்தது? நம்ம அழகர் தங்கச்சி கல்யாணத்துக்குப் புறப்பட்டு, முடிஞ்ச பிறகு வந்து சேருவாரே, அப்படித்தான். இயக்கம் தெருவுக்கு வந்த பிறகு கட்சி வந்து சேர்ந்தது. 1963-இல் தனிநாடு கோரிக்கையைக் கைவிட்டிருந்த தி.மு.க., போராடிய பிள்ளைகளைத் தேடிப் பிடித்தது. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் நின்றார். 1,285 ஓட்டில் காமராசர் தோற்றார். ஊரூராகப் பள்ளிக்கூடம் திறந்தவரை, பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் தோற்கடித்தார்கள்! சொல்லும்போதே எனக்கு நெஞ்சு கனக்குது. 1968 ஜனவரியில் இருமொழித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

ஓட்டு வயது 18 என்று ஆனது எப்போ தெரியுமா? 1989-இல். அறுபத்தஞ்சிலே ஊர்வலம் போன பிள்ளைகளுக்கு அப்போ நாற்பது வயசு தாண்டியாச்சு. எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும்.