வயதான கைகளுக்கு ஏற்ற அயன்: மட்டையில் உள்ள இலக்கத்தை மட்டும் நம்பலாமா?

அறுபதைத் தாண்டிய கோல்ப் வீரர் ஒருவர் முதலில் இழப்பது தூரத்தைத்தான். முன்பு 7ஆம் இலக்க அயனால் அடைந்த இடத்துக்கு இப்போது 5ஆம் இலக்கத்தை எடுக்கிறார். கடையில் புதிய 7ஆம் இலக்க அயனால் அடித்துப் பார்க்கிறார்; பழைய தூரம் திரும்பி வருகிறது. மகிழ்ச்சியோடு வாங்கிவிடுகிறார். ஆனால் மைதானத்தில், குழி இருக்கும் கிரீனில் விழுந்த பந்து நிற்காமல் பின்னால் உருண்டோடுகிறது.

காரணம் மட்டை முகத்தின் சாய்வில், அதாவது லொஃப்டில் இருக்கிறது. சில தசாப்தங்களுக்கு முன்னர் 7ஆம் இலக்க அயனின் சாய்வு ஏறக்குறைய 35 பாகை. இன்று பொழுதுபோக்கு வீரர்களுக்கென விற்கப்படும் பலவற்றில் அது 28 முதல் 30 பாகை வரைதான். அதாவது, பழைய 5ஆம் இலக்கத்துக்கு நெருக்கமான மட்டையில் 7 என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. எடை கீழே வருமாறு மட்டைத் தலையை வடிவமைத்து, பந்து உயர எழுவதற்கு நிறுவனங்கள் வழி செய்துள்ளன. ஆனால் வீச்சு வேகம் குறைந்தவர்களுக்கு அந்த உயரம் எப்போதும் கிடைப்பதில்லை.

அளவெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஃபிட்டிங் எனப்படும் அளவெடுப்பில், ராடார் அல்லது கமரா மூலம் இயங்கும் லோஞ்ச் மொனிட்டர் பந்தின் வேகம், எழும் கோணம், சுழற்சி, பறந்த தூரம் ஆகியவற்றைக் காட்டும். வயதானவர் முக்கியமாகக் கேட்க வேண்டியது பந்து கீழிறங்கும் கோணத்தை. அது 45 பாகைக்குக் கிட்ட இருந்தால் பந்து கிரீனில் நிற்கும் வாய்ப்பு அதிகம். அதைவிட மிகத் தாழ்வாக இறங்கும் பந்தால் கிடைக்கும் பத்து யார் கூடுதல் தூரத்தால் பயனில்லை.

தண்டு: கனமான உருக்குத் தண்டு ஒன்று 130 கிராம் வரை இருக்கும். இலகுவான கிராஃபைட் தண்டுகள் 50 முதல் 70 கிராம் வரை கிடைக்கின்றன. அவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் வரும் அதிர்வையும் குறைக்கின்றன. தண்டின் விறைப்பைக் குறிக்கும் எழுத்துகளுக்குப் பொதுவான நியமம் இல்லை. ஒரு நிறுவனத்தின் ‘ரெகுலர்’ இன்னொன்றில் ‘சீனியர்’ போல இருக்கலாம். எழுத்தைப் பார்க்காமல் அடித்துப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும்.

தரைக்கோணம்: மட்டையைத் தரையில் வைக்கும்போது தண்டு நிற்கும் கோணம் இது. முதுகும் முழங்காலும் மாறினால் நிற்கும் விதமும் மாறும். வலதுகைக்காரர் ஒருவரின் மட்டை அளவுக்கு மீறி நிமிர்ந்திருந்தால் பந்து இடப்பக்கம் போகும். நோர்வேயில் பிறந்த பொறியியலாளரும் பிங் நிறுவனத்தின் ஸ்தாபகருமான கார்ஸ்டன் சோல்ஹைம் இதற்காகவே 1970களில் நிறப்புள்ளி முறையைக் கொண்டுவந்தார். கறுப்பு நியமக் கோணம், நீலம் சற்று நிமிர்ந்தது, சிவப்பு சற்றுத் தட்டையானது.

பிடி: மூட்டுவாதம் உள்ளவர்களுக்குச் சற்றுத் தடித்த, மென்மையான பிடி பெரிய ஆறுதல். மட்டையை இறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவை குறைகிறது. ஃபிட்டிங்கில் மிக மலிவான மாற்றங்களில் இதுவும் ஒன்று.

இடைவெளி: புதிய தொகுதிகளில் பிட்ச்சிங் வெட்ஜின் சாய்வு 43, 44 பாகையாக இருப்பதுண்டு. உங்களிடம் உள்ள சாண்ட் வெட்ஜ் 56 பாகை என்றால், நடுவில் 12 பாகை வெற்றிடம் உருவாகும். அதை நிரப்ப இன்னொரு வெட்ஜ் வாங்க நேரிடும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கிட வேண்டும். மறுபுறம், 4ஆம், 5ஆம் இலக்க அயன்களுக்குப் பதிலாக ஹைபிரிட் மட்டைகளை எடுப்பது பலருக்கு இலகு. விதிப்படி பையில் 14 மட்டைகளே இருக்கலாம் என்பதால் ஒவ்வோர் இடமும் பெறுமதியானது.

போகும் முன்

பழைய மட்டைகளையும் வழமையாகப் பயன்படுத்தும் பந்தையும் கொண்டு போங்கள். உடலைச் சூடேற்றிய பின் அடியுங்கள். ஆனால் களைப்படையும் வரை அடிக்க வேண்டாம். களைத்த உடலின் அளவுகள் தவறாக வழிநடத்தும். மிகச் சிறந்த ஓர் அடியை விட்டுவிட்டு, பத்து அடிகளின் சராசரியைப் பழைய மட்டையுடன் ஒப்பிடுங்கள். அப்போது இரண்டின் சாய்வையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கே விளையாடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கடல் மட்டத்தை ஒட்டிய கொழும்பில் பறக்கும் தூரத்தைவிட, ஆறாயிரம் அடி உயரத்திலுள்ள நுவரெலியாவின் மெல்லிய காற்றில் அதே பந்து கூடுதலாகப் பறக்கும்.

ஒப்பீட்டில் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால் பழைய தொகுதிக்குப் புதிய பிடிகள் போட்டு, தரைக்கோணத்தைத் திருத்திக்கொண்டால் போதும். பல அயன்களை இரண்டொரு பாகை வளைத்துத் திருத்த முடியும். புதியதே தேவை என்று தெரிந்தால், எந்த இலக்கத்தால் அடிக்கிறோம் என்ற கூச்சத்தைக் கடையிலேயே விட்டுவிடுவது நல்லது. பந்து கிரீனில் நின்றதா, மறுநாள் காலை கை வலிக்காமல் இருக்கிறதா என்பவையே இந்த வயதில் கேட்க வேண்டிய கேள்விகள்.