ஒருமுறை பயன்பாட்டு மருத்துவக் கிட்டுகளின் சுங்க வகைப்பாடு

ஒரு சிகிச்சைப் பணிக்கு வேண்டிய சிறு பொருள்களைச் சேர்த்து ஒரே உறையில் அடைத்து, பயன்படுத்தியதும் எறிந்துவிடும்படி தயாரிக்கப்படுவது ஒருமுறை பயன்பாட்டு மருத்துவக் கிட். காயத்துக்குக் கட்டுப்போடும் கிட், தையல் பிரிக்கும் கிட், சிறுநீர்க் குழாய் செருகும் கிட், பிரசவக் கிட் எனப் பல வகை உண்டு. செவிலியருக்கு இது கையில் எடுக்கும் ஒரே பொட்டலம். சுங்க அதிகாரிக்கோ உள்ளே இருக்கும் பஞ்சு, கையுறை, கத்தரி, விரிப்பு ஒவ்வொன்றும் தீர்வை அட்டவணையில் வெவ்வேறு இடத்தில் நிற்கும் சரக்கு. இத்தனைக்கும் சேர்த்து ஒரே குறியீடு தரலாமா, தரலாம் என்றால் எந்தக் குறியீடு என்பதே இந்த வகைப்பாட்டின் சிக்கல்.

உலக வணிகத்தில் பெரும்பகுதி எச்.எஸ். எனப்படும் ஒத்திசைவுக் குறியீட்டு முறையைப் பின்பற்றுகிறது. இதற்கான உடன்படிக்கை 1983இல் பிரஸ்ஸல்ஸில் கையெழுத்தாகி, 1988 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உலக சுங்க அமைப்பு இதை நிர்வகிக்கிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்துகிறது. முதல் 6 இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்குமேல் இந்தியா 8 இலக்கம் வரையும், அமெரிக்கா 10 இலக்கம் வரையும் பிரித்துக்கொள்கின்றன. இந்தியாவில் 1975ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டத்தின் முதல் அட்டவணை இந்த அமைப்பில்தான் உள்ளது.

கிட்டில் வழக்கமாக இருக்கும் பொருள்களின் தலைப்பு எண்களைப் பார்த்தாலே சிக்கல் புரியும். மருத்துவப் பயன்பாட்டுக்குச் சில்லறைப் பொதியில் வரும் பஞ்சு, காஸ் துணி, பேண்டேஜ் 3005. தொற்றுநீக்கிய அறுவைத் தையல் நூல் 3006. ரப்பர் கையுறை 4015. நெய்யாத துணியில் தைத்த அங்கி 6210. முகக்கவசமும் அறுவை விரிப்பும் பெரும்பாலும் 6307. சிரிஞ்சு, ஊசி, கதீட்டர் 9018. மருந்து, ரப்பர், துணி, கருவி என்று அட்டவணையின் நான்கு மூலைகளையும் ஒரு சிறு பொட்டலம் தொட்டுவிடுகிறது.

இவற்றில் ஒரு கிட்டுக்கு மட்டும் சட்டமே நேரடியாக இடம் ஒதுக்கியிருக்கிறது. முதலுதவிப் பெட்டிகளும் கிட்டுகளும் 3006.50 என்ற உட்தலைப்பில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளன. 30ஆம் அத்தியாயத்தின் 4ஆம் குறிப்பு, அவற்றை வேறெந்தத் தலைப்பிலும் வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் உலக சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகள் இதன் எல்லையைக் குறுக்குகின்றன: சிறிதளவு பொது மருந்துகள், சில கட்டுத்துணிகள், பிளாஸ்திரி, வேண்டுமானால் ஓரிரு கத்தரியோ இடுக்கியோ கொண்டவையே முதலுதவிக் கிட்டுகள், மருத்துவர்கள் பயன்படுத்தும் விரிவான கிட்டுகள் இதில் சேரா. மருத்துவம் சார்ந்த எந்தக் கிட்டையும் 3006.50 என்று எழுதிவிடும் பழக்கம் இந்த வரம்பைக் கவனிக்காததால் வருவது.

மற்றக் கிட்டுகளுக்கு வழிகாட்டுவது எச்.எஸ். முறையின் பொது விளக்க விதிகளில் 3ஆவது. ஒரு தொகுப்பின் வெவ்வேறு பொருள்களை வெவ்வேறு தலைப்புகள் குறிக்கும்போது, அவை அனைத்தும் சம அளவில் குறிப்பானவை என்றே விதி 3(அ) கருதுகிறது. ஆகவே அது எதையும் தீர்ப்பதில்லை. விதி 3(ஆ) சில்லறை விற்பனைக்கான தொகுப்பு என்ற கருத்தைக் கொண்டுவருகிறது. அதற்கு மூன்று நிபந்தனைகள். குறைந்தது இரண்டு பொருள்களாவது வெவ்வேறு தலைப்புகளில் வரக்கூடியவையாக இருக்க வேண்டும். அவை ஒரு குறிப்பிட்ட தேவைக்கோ செயலுக்கோ சேர்த்து அடைக்கப்பட்டிருக்க வேண்டும். மறுபடி பொதியாமல் இறுதிப் பயனருக்கு நேரடியாக விற்கத்தக்க நிலையிலும் இருக்க வேண்டும்.

சில்லறை என்றதும் மருந்துக்கடை அலமாரிதான் நினைவுக்கு வருகிறது. மருத்துவமனைக்கு மொத்தமாகப் போகும் கிட்டுக்கு இது பொருந்துமா என்ற ஐயம் இயல்பானது. விளக்கக் குறிப்புகளின்படி இங்கே விலக்கப்படுவது, மேலும் பதப்படுத்தவோ மறுபடி பொதியவோ வேறு சரக்குடன் சேர்க்கவோ வாங்கி மறுவிற்பனை செய்யப்படும் பொருள்கள்தாம். கிட்டைப் பிரித்து நோயாளிக்குப் பயன்படுத்தும் மருத்துவமனை இறுதிப் பயனரே. மாறாக, காஸ் ஒரு பெட்டியாகவும் கையுறை இன்னொரு பெட்டியாகவும் வந்து, இங்குள்ள தொழிற்சாலையில் கிட்டாக அடைக்கப்பட இருந்தால் அது தொகுப்பு அல்ல. ஒவ்வொன்றும் தனித்தனியே வகைப்படும்.

தொகுப்பு என்று உறுதியானபின், அதற்கு அடிப்படைத் தன்மையைத் தரும் பொருளின் குறியீடே முழுக் கிட்டுக்கும் ஆகும். பொருளின் இயல்பு, பருமன், அளவு, எடை, மதிப்பு, பயன்பாட்டில் அதன் பங்கு ஆகியவற்றைக் கொண்டு இதை முடிவு செய்யலாம். அமெரிக்காவில் இதைப் பற்றி அதிகம் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்புகளில் ஒன்று மருத்துவப் பொருளைப் பற்றியதே அல்ல. பெட்டர் ஹோம் பிளாஸ்டிக்ஸ் நிறுவனத்தின் 1997ஆம் ஆண்டு வழக்கில், குளியலறைத் திரைத் தொகுப்பின் அடிப்படைத் தன்மையை அழகான வெளித்துணி தரவில்லை, நீரைத் தடுக்கும் உட்புறப் பிளாஸ்டிக் திரையே தருகிறது என்று கூட்டாட்சி வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. மருத்துவக் கிட்டுக்கும் இந்தப் பார்வையே பொருத்தமானது: வேலையைச் செய்வது எது என்று கேட்க வேண்டும். சிறுநீர்க் குழாய் செருகும் கிட்டில் கையுறையும் விரிப்பும் மசகும் கதீட்டருக்காகவே இருக்கின்றன, அது 9018. கட்டுப்போடும் கிட்டில் காயத்தின்மேல் தங்குவது காஸ். பிளாஸ்டிக் இடுக்கியும் கையுறையும் அதை வைக்க உதவுபவை. 3005க்கே வலு அதிகம்.

எல்லாக் கிட்டும் இப்படி எளிதில் வழிவிடாது. கேனுலா இல்லாமல் வரும் ஐ.வி. தொடக்கக் கிட்டில் கையில் கட்டும் பட்டை, ஆல்கஹால் துடைப்பான், காஸ், ஒட்டுப்பட்டை, கையுறை, சிறு விரிப்பு இருக்கலாம். எதுவும் தலைமைப் பொருள் அல்ல. இன்னும் கடினமானது, ஐ.நா. மக்கள்தொகை நிதியம் நெருக்கடிப் பகுதிகளில் வழங்கும் தூய பிரசவக் கிட். சோப்பு, பிளாஸ்டிக் விரிப்பு, தொப்புள்கொடி கட்டும் நாடா, அதை வெட்டச் சவர பிளேடு, கையுறை, துணி ஆகியவை அதில் உண்டு. தாய், சேய் இருவரையும் தொற்றிலிருந்து காக்கும் இந்தக் கிட்டில் மருத்துவக் கருவித் தலைப்பில் வரும் பொருள் ஒன்றுகூட இல்லாமல் போகலாம்.

அடிப்படைத் தன்மையைத் தீர்மானிக்க முடியாதபோது விதி 3(இ) கைகொடுக்கிறது: போட்டியிடும் தலைப்புகளில் எண்வரிசையில் கடைசியாக வருவதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஐ.வி. தொடக்கக் கிட்டில் நெய்யாத துணி விரிப்பின் 6307, கையுறையின் 4015ஐயும் காஸின் 3005ஐயும் முந்திவிடும். பிரசவக் கிட்டைச் சோப்பின் 3401இலிருந்து சவர பிளேடின் 8212 வரை வரிசைப்படுத்தினால் பிளேடே வெல்லும். இந்த முடிவுக்கு மருத்துவப் பொருத்தம் எதுவும் இல்லை. ஆனாலும் எல்லாத் துறைமுகங்களிலும் ஒரே விடை கிடைக்கும் என்ற பயன் இந்த விதிக்கு உண்டு. அடிப்படைத் தன்மையை நேர்மையாகத் தேடி முடித்தபின் மட்டுமே இதற்கு வர வேண்டும்.

குறியீடு மாறினால் வரியும் மாறும். இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், 9018 முதல் 9022 வரையிலான தலைப்புகளில் இறக்குமதியாகும் மருத்துவச் சாதனங்களின் மதிப்பில் 5% சுகாதார செஸ் விதித்தது. ஒரு கிட் 3005இல் நின்றால் இந்தச் செஸ் இல்லை. 9018க்குப் போனால், விலக்கு எதுவும் பொருந்தாத வரை, உண்டு. ஒரே கிட்டில் ஒரு சிரிஞ்சைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுகூட இதனால் வரிக் கேள்வியாகிவிடுகிறது.

தொற்றுநீக்கம் செய்திருப்பதோ, உறையில் மருத்துவச் சாதன உரிம எண் இருப்பதோ மட்டும் 9018க்கு வழி திறப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன ஒழுங்குமுறை, செயல்முறைப் பொதிகளுக்கென 22ஆவது பிரிவில் தனி விதி வகுத்திருக்கிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகள் ஆபத்தின் அளவைப் பொறுத்துச் சாதனங்களை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. இவை நோயாளியின் பாதுகாப்புக்கானவை. தீர்வை அட்டவணை அவற்றுக்குக் கட்டுப்பட்டதல்ல. கத்தரி, இடுக்கி போன்றவை மருத்துவக் கருவியா என்பதைக்கூட அவற்றின் தனி வடிவம், தொற்றுநீக்கக் கழற்றும் எளிமை, உலோகத்தின் தரம், அடைக்கப்பட்ட விதம் ஆகியவற்றைக் கொண்டே முடிவு செய்யுமாறு 9018இன் விளக்கக் குறிப்பு சொல்கிறது.

2011 முதல் இந்தியாவில் சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி இறக்குமதியாளரே தீர்வையைச் சுயமதிப்பீடு செய்கிறார். இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியில் எழுதும் குறியீட்டுக்கு அவரே பொறுப்பு. விலைப்பட்டியலில் 'மருத்துவக் கிட்' என்று மட்டும் எழுதுவது போதாது. ஒவ்வொரு பொருளின் பெயர், மூலப்பொருள், எண்ணிக்கை, மதிப்பு ஆகியவை தெரிந்தால்தான் அடிப்படைத் தன்மையை வாதிட முடியும். தொகுப்பு என்ற வாதம் தோற்றால் தனித்தனியே மதிப்பிடவும் முடியும். முன்கூட்டியே உறுதி வேண்டுவோர் டெல்லியிலும் மும்பையிலும் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தை அணுகலாம். எச்.எஸ். அடிப்படையிலான அட்டவணையில் ஐயம் எழும்போது எச்.எஸ். நம்பகமான வழிகாட்டி என்பதை உச்ச நீதிமன்றம் 1995இல் வுட் கிராஃப்ட் புராடக்ட்ஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பேரிடர்க் காலத்தில் இந்த நுணுக்கங்களே சரக்கைத் தேக்கிவிடக் கூடும். கோவிட் பரவலின்போது உலக சுங்க அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து மருத்துவப் பொருள்களுக்கான குறியீட்டுப் பட்டியலை வெளியிட்டன. இந்தியா 2020 ஏப்ரல் 9 அன்று வென்டிலேட்டர், முகக்கவசம், பிபிஇ எனப்படும் தற்காப்பு உடை, பரிசோதனைக் கிட் ஆகியவற்றுக்கு அடிப்படைச் சுங்க வரியிலிருந்தும் சுகாதார செஸ்ஸிலிருந்தும் அந்த ஆண்டு செப்டம்பர் 30 வரை விலக்களித்தது. நிவாரணச் சரக்குகளுக்கு, சுங்க நடைமுறைகள் பற்றிய திருத்தப்பட்ட கியோட்டோ உடன்படிக்கையின் சிறப்பு இணைப்பு ஜே தனி இடம் தருகிறது. அவற்றை முன்னுரிமையுடன் விடுவிக்க வேண்டும் என்கிறது, அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளுக்கு நன்கொடையாக வருபவற்றுக்கு வரி விலக்களிக்கவும் பரிந்துரைக்கிறது.