ஆரணியில் சண்டை... கோட்டையில் கல்யாணம்!

ஆரணிக்குப் பட்டுப் புடவை எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முகூர்த்தத் தேதியைக் குறித்துக்கொண்டுதான் போவார்கள். பெண் வீடு, பிள்ளை வீடு, இரண்டு பக்கத்து அத்தைகள் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்குவார்கள். ‘மாப்பிள்ளை எப்போது, எப்படிப் பெண்ணிடம் சம்மதம் கேட்டார்?’ என்று அங்கே எந்த நெசவாளரும் விசாரிப்பதில்லை. அதெல்லாம் பெரியவர்கள் பேசி முடித்த சமாசாரம்!

இன்றைய பிள்ளைகள் வேறு ரகம். நண்பரின் மகன் ஒருவன் கடற்கரை ஓட்டலில் மேஜை பிடித்து, தோழர்களைத் தூணுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, திடீரென்று மண்டியிட்டு மோதிரத்தை நீட்டியிருக்கிறான். பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழ, ஒளிந்திருந்தவர்கள் படம் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். “ரெண்டு மாசம் பிளான் பண்ணேன் அங்கிள்!” என்றான் பெருமையாக.

ரெண்டு மாசம் என்ன பிரமாதம்? கிட்டத்தட்ட இரண்டு வருடம் இழுத்த ஒரு திட்டம் எனக்குத் தெரியும். அதில் மோதிரத்துக்குப் பதில் கப்பல் இருந்தது. நடுவில் ஆரணியில் ஒரு சண்டையும் இருந்தது!

ஆரணி, காதல் என்றதும் அந்தப் பக்கத்துக்காரர்கள் பூசிமலைக்குப்பம் காட்டில் பாழடைந்து நிற்கும் மாளிகையைக் காட்டுவார்கள். ஜாகீர்தார் ஒருவர் தன் வெள்ளைக்காரக் காதலிக்காகக் கட்டியது என்பது ஊர்க்கதை. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். இது அதற்கெல்லாம் ரொம்ப முந்தைய கதை. மாப்பிள்ளையின் பெயர் ராபர்ட் கிளைவ்.

ஆமாம், அதே கிளைவ்தான். பிளாசிக்கு முந்தைய கிளைவ்.

1744-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாவாகச் சென்னைக்கு வந்து இறங்கியபோது அவருக்கு வயது 18. வருடச் சம்பளம் 5 பவுண்டு. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துக்கொள்ள, கிளைவும் இன்னொரு குமாஸ்தாவும் உள்ளூர் ஆட்களைப் போல வேஷம் போட்டுக்கொண்டு நழுவி, கடலூருக்குப் பக்கத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கூடவே ஓடிவந்த அந்த நண்பன்தான் நமக்கு முக்கியம். பெயர் எட்மண்ட் மாஸ்கலின். சேர்ந்து உயிர் தப்பியவர்களின் சிநேகிதம் லேசில் விடாது. கிளைவுக்கு அது மைத்துனன் உறவு வரைக்கும் போய்விட்டது!

எட்மண்டுக்கு மார்கரெட் என்று ஒரு தங்கை. அப்பா 1744-லும், அம்மா 1748-லும் இறந்துவிட்டார்கள். மூன்று அண்ணன்களில் ஒருவர் இங்கே. இன்னொருவரான நெவில், பின்னாளில் இங்கிலாந்து அரசின் தலைமை வானியலாளர் பதவிக்கு உயர்ந்தவர். ஆனால் அன்றைய தேதியில் வீட்டில் பெரிய சொத்து கிடையாது. வரதட்சணைக்கு வழியில்லாத பெண்ணுக்கு அங்கே வரன் அமைவது எத்தனை கஷ்டம் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு வருவதுதான் பிரபலமான கதை. எட்மண்ட் தங்கையின் கடிதங்களை அவ்வப்போது நண்பனுக்கு வாசித்துக் காட்டுவாராம். அறையில் அவளுடைய சின்னஞ்சிறு ஓவியம் ஒன்றும் இருந்ததாம். கிளைவ் மயங்கிவிட்டார். “உன் தங்கையை இங்கே வரச் சொல்லி எழுது, நான் கட்டிக்கிறேன்” என்று நச்சரித்தார் என்கிறார்கள். கிளைவின் வாழ்க்கையைப் பிற்காலத்தில் எழுதிய பலர் இதை ரசித்து ரசித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆற்காட்டு வீரர், அழகியின் படம், கடல் தாண்டிய காதல்... கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால், காலண்டரை எடுத்து வைத்துப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறுகிறது!

அந்த நாளில் சென்னைக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கப்பல் பயணம் சுமார் ஆறு மாதம். கடிதம் போக ஆறு மாதம், பெண் கிளம்பி வர ஆறு மாதம். மார்கரெட் சென்னையில் வந்து இறங்கியது 1752-ன் மத்தியில். அப்படியானால் அவர் கப்பலேறியது 1751 கடைசி அல்லது அடுத்த ஆண்டின் தொடக்கம். அவரைக் கிளம்பச் சொன்ன கடிதம் அதற்கும் குறைந்தது ஆறு மாதம் முன்பே இங்கிருந்து போயிருக்க வேண்டும். அப்போது கிளைவ் யார்? படைகளுக்கு அரிசி, மாடு, சாராயம் என்று சப்ளையைக் கவனித்துக்கொண்டு, அதில் கமிஷன் பார்த்துக்கொண்டிருந்த ஆள். ஆற்காட்டை அவர் இன்னும் பார்க்கவே இல்லை!

ஆற்காட்டு முற்றுகை 1751 செப்டம்பரில் ஆரம்பித்து நவம்பர் நடுவில் முடிந்தது. ஐம்பது நாள் கோட்டைக்குள் தாக்குப்பிடித்த கிளைவ், முற்றுகையைக் கைவிட்டுப் பின்வாங்கிய சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபைத் துரத்திக்கொண்டு ஆரணிப் பக்கம் வந்தார். டிசம்பர் 3-ம் தேதி மோதல். கிளைவிடம் சுமார் 200 வெள்ளைக்காரர்கள், 700 சிப்பாய்கள், முராரி ராவ் அனுப்பிய 600 மராட்டியக் குதிரைகள். எதிரே 300 பிரெஞ்சுக்காரர்களும், 2,500 சிப்பாய்களும், 2,000 குதிரைகளும்.

இங்கே கிளைவைக் காப்பாற்றியது ஆரணியின் மண். அவருக்கு முன்னால் தண்ணீர் நின்ற நெல் வயல்கள். இடது பக்கம் பனந்தோப்பு, வலது பக்கம் ஒரு கிராமம். குறுக்கே ஒரே ஒரு கரைப் பாதை. சேற்றில் பீரங்கியை உருட்ட முடியாமல் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கரையிலேயே வரிசையாக வர வேண்டியதாயிற்று. குறி பார்த்துச் சுட இதைவிட வசதி வேண்டுமா? இருட்டுவதற்குள் எதிர்ப்படை கலைந்தது. மராட்டியர்கள் துரத்திப்போய் 400 குதிரைகளையும், லட்ச ரூபாய் இருந்த ராஜா சாகிபின் கஜானாப் பெட்டியையும் மடக்கினார்கள். ஆற்காட்டில் உயிர் தப்பியவர் என்ற பெயர், ஆரணியில் ஜெயித்தவர் என்று மாறியது.

அந்த டிசம்பரில் மார்கரெட்டுக்கு வயது 16. ஒன்று, கப்பலில் இருந்திருக்கிறார். இல்லை, பெட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஆரணிச் செய்தி இங்கிருந்து அங்கே போக, அவர் அங்கிருந்து இங்கே வர, இரண்டும் நடுக்கடலில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன! வீரரின் புகழைக் கேட்டு வந்தவர் அல்ல அவர். அண்ணனின் சிநேகிதனை நம்பி வந்தவர். அதாவது அவர் அண்ணனும் நண்பனும் போட்ட திட்டத்தில், விஷயம் முழுதாகத் தெரியாத ஒரே ஆள் கல்யாணப் பெண்தான்.

அந்தப் பயணத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்ல ஓர் அநாதைப் பெண்ணுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்? இறங்கி, ஆளைப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போக இன்னொரு ஆறு மாதம், செலவு தனி. அதே 1752-ல் ஃபிலடெல்ஃபியா ஆஸ்டின் என்றொரு பெண்ணும் இப்படியே சென்னைக்கு வந்தார். எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் அத்தை. அவரும் பெற்றோர் இல்லாதவர்தான். கம்பெனி டாக்டர் ஒருவருக்கு மனைவியானார்.

மார்கரெட் வந்த நேரத்தில் மாப்பிள்ளை ஊரில் இல்லை! திருச்சிப் பக்கம் சண்டையில் இருந்தார். பிறகு கோவளம், செங்கல்பட்டு என்று வரிசையாகக் கோட்டை பிடித்துவிட்டு, உடம்பு கெட்டுப்போய்ச் சென்னைக்குத் திரும்பினார். ஊருக்குப் போய்விடுவதென்று முடிவெடுத்திருந்தார். கப்பல் மார்ச்சில். வெறும் அண்ணனின் நண்பனாகப் போவதா, கணவனாகப் போவதா என்பதை அதற்குள் கேட்டு முடித்தாக வேண்டும். கேட்டார்.

1753 பிப்ரவரி 18 அன்று கல்யாணம். மாப்பிள்ளைக்கு 27, பெண்ணுக்கு 17. நாலே நாள் கழித்து, 22-ம் தேதி, கடலூரில் ஃபிலடெல்ஃபியாவுக்கும் கல்யாணம்! கோட்டையில் நடந்த கிளைவ் திருமணத்தை நடத்திவைத்தவர் ஆங்கிலேயப் பாதிரியார் இல்லை. ஜெர்மானியரான பெப்ரீஷியஸ். நம் ஆள் என்றே சொல்லலாம். தமிழில் பைபிளை மொழிபெயர்த்தவர், 1779-ல் தமிழ் - ஆங்கில அகராதி வெளியிட்டவர், கடைசிக் காலத்தில் கடன் தொல்லையில் சிறைக்கே போனவர். தமிழ் அகராதியைப் புரட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கல்யாணம் தெரியும்?

அடுத்த மாதம் தம்பதி கப்பலேறினார்கள். கிளைவின் கையில் சுமார் 40,000 பவுண்டு இருந்தது. வருடம் 5 பவுண்டு வாங்கியவர்! கூடவே இன்னொரு பயணியும் இருந்தார்: ராபர்ட் ஓர்ம். ஆரணிச் சண்டையின் பனந்தோப்பு, கரைப் பாதை எல்லாவற்றையும் நமக்கு விவரமாக எழுதிவைத்தவர் அவரேதான். புதுமணத் தம்பதியோடு மாதக்கணக்கில் ஒரே கப்பலில் ஒரு சரித்திர ஆசிரியர்! ஆனால் 1763-ல் முதல் பாகம் வெளிவந்த அவருடைய புத்தகம் முழுக்க முழுக்கப் போர்ச் சரித்திரம். மார்கரெட்டுக்கு அதில் என்ன வேலை?

இங்கிலாந்தில் 1754-ல் முதல் மகன் எட்வர்ட் பிறந்தான். மறுவருடமே கிளைவ் மறுபடி இந்தியாவுக்குப் புறப்பட்டார். மார்கரெட்டும் கூட வந்தார், கைக்குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு. 1774-ல் கிளைவ் இறந்தபோது அவருக்கு 39 வயது. அதன் பிறகு 43 வருடம் விதவையாகவே இருந்து, 1817-ல் கண்ணை மூடினார். விட்டுவிட்டு வந்த அந்தக் குழந்தை வளர்ந்து, 1798-ல் சென்னைக்கே கவர்னராக வந்து இறங்கியதை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார்.